சிரிப்பு யார் மேல்? பேய்ப்படத் தொடர்களும் நாஞ்சில் நாட்டு நீலியும்

தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்து ஆண்ட இடம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனையின் நிர்வாகம் கேரள அரசிடமே தங்கிவிட்டது. மண் ஒரு மாநிலத்துடையது, பூட்டும் சாவியும் இன்னொரு மாநிலத்துடையவை. பூட்டைத் தலைப்பிலேயே வைத்திருந்த ஒரு பேய்ப்படம் இங்கே எடுக்கப்பட்டது பொருத்தம்தான். ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ 1993-இல் வெளியானது. அதில் வரும் மாடம்பள்ளி வீட்டின் ஒரு பகுதி பத்மநாபபுரம், மறு பகுதி திருப்பூணித்துறை ஹில் பாலஸ்.

அந்த ஒரு படத்திலிருந்து கிளைத்த குடும்பம் பெரியது. கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005), இந்தியில் ‘பூல் புலையா’ (2007). பிறகு தொடர்ச்சிகள்: கன்னடத்தில் ‘ஆப்தரக்‌ஷகா’, தெலுங்கில் ‘நாகவல்லி’, இந்தியில் இரண்டும் மூன்றும், தமிழில் 2023-இல் ‘சந்திரமுகி 2’. இதற்கு இணையாகவே ராகவா லாரன்ஸின் ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசையும், சுந்தர்.சி-யின் ‘அரண்மனை’ வரிசையும், சந்தானத்தின் ‘தில்லுக்கு துட்டு’ வரிசையும் வளர்ந்தன. முப்பது ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கிச் சொன்னால், இரவில் தனியே கொல்லைப்புறம் போகவிடாமல் செய்த, மணிச்சித்ரதாழின் பேயான நாகவல்லியின் வம்சம், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் ‘லகலகலக’ என்று குழந்தைகள் ஆடிக்காட்டும் நிலைக்கு வந்து சேர்ந்தது.

இதை இயக்குநர்களின் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் பேய்க்கதையில் சிரிப்பு கலப்பது நமக்குப் புதிதே இல்லை. மணிச்சித்ரதாழிலேயே பாதிப் படம் நகைச்சுவைதான். மது முட்டத்தின் திரைக்கதையில் முதல் ஒரு மணி நேரம் இன்னொசென்ட், கே.பி.ஏ.சி. லலிதா, குதிரவட்டம் பப்பு ஆகியோருடைய ராஜ்யம். பேய் என்ற பேச்செடுத்தாலே வெலவெலத்துப்போகும் உண்ணித்தானாக வரும் இன்னொசென்ட்டைப் பார்த்துத் தியேட்டர் அதிரச் சிரித்தது. ஆனாலும் படம் பயமுறுத்தியது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, சிரிப்பு ஏன் வந்தது என்பதாக இருக்க முடியாது. சிரிப்பு யார் மேல் விழுந்தது என்று பார்க்கவேண்டும்.

அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சியை எடுத்துக்கொள்வோம். அல்லி என்ற பெண்ணுக்கு நகை வாங்கக் கடைக்குப் புறப்படுகிறாள் கங்கா. கணவன் நகுலன் போகவேண்டாம் என்கிறான். முதலில் சாதாரண மனைவியின் சிணுங்கல், பிறகு கோபம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஷோபனாவின் கண் மாறுகிறது, கழுத்து மாறுகிறது, குரல் மாறுகிறது. பெரிய மரக்கட்டில் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்துகிறாள். நகுலன் கத்தியதும் அவள் பழைய கங்காவாகி, எதுவும் தெரியாமல் விழிக்கிறாள். இவ்வளவுதான் காட்சி. இங்கே உண்ணித்தானுக்கு வேலையில்லை. எதிர்வினை காட்டி நம்மைச் சிரிக்கவைக்க ஒருவரும் இல்லை. நகைச்சுவைப் பாத்திரங்கள் தாழ்வாரத்திலும் முற்றத்திலும் நிறுத்தப்பட்டுவிட்டார்கள், நாகவல்லியின் இடமான தெக்கினிக்குள் அவர்களுக்கு அனுமதி கிடையாது. பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம், பயமுறுத்துகிறவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. படம் முழுக்கக் காக்கப்பட்ட வரம்பு இது. அதனால்தான் ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தபோது யாருக்கும் வியப்பில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. ஆவேசம் வந்ததும் கங்கா தமிழில் பேசுகிறாள். தமிழுக்கு வந்தபோது அதே நாட்டியக்காரி ஆந்திரத்திலிருந்து வந்த சந்திரமுகியாகித் தெலுங்கு பேசினாள். இந்தியில் வங்காளத்து மஞ்சுளிகா. ஒவ்வொரு ஊரும் தன் பேயைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. கேட்டாலே புரிகிற, ஆனால் நம்முடையதல்லாத ஒரு மொழி பெண்ணின் வாயிலிருந்து திடீரென்று வரும்போது உண்டாகும் திடுக்கிடலுக்கு எந்த ஒப்பனையும் ஈடாகாது. இரண்டு மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் புழங்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை விளக்கவேண்டியதில்லை.

இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரு பேய்க்கதை உண்டு, அது நாகவல்லியைவிடப் பழையது. நாகர்கோவிலுக்கு மேற்கே பார்வதிபுரத்தை ஒட்டியுள்ள கள்ளியங்காடு நீலியின் ஊராகச் சொல்லப்படுவது. தெற்கே நீலி கதையாக வில்லுப்பாட்டிலும், வடக்கே பழையனூர் நீலியாகத் திருவாலங்காட்டிலும், மலையாளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியாகவும் அவள் உலவுகிறாள். தெற்கத்திக் கதையின் சாரம் இது: தாசிகுலப் பெண்ணொருத்தியைத் தன் மடியில் தலைவைத்துப் படுக்கவிட்டவன், அவள் அயர்ந்து தூங்கியதும் மணலைக் குவித்து அவள் தலையை அதில் சாய்த்துவைத்துக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். நகைக்காக. சாட்சிக்கு இருந்தது கள்ளிச்செடி மட்டும். கொலைகாரன் மறுபிறப்பில் செட்டியாகப் பிறக்கிறான், அவள் நீலியாக வருகிறாள். ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னோடு வாழமாட்டேன் என்கிறான் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். குழந்தை அவனை நோக்கித் தாவுகிறது. பெரியவர்கள் என்ன செய்வார்கள்? செட்டியின் பேச்சைக் கேட்காமல், உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். மறுநாள் காலையில் அவன் பிணம். வாக்குக் கொடுத்தவர்கள் தீயில் இறங்குகிறார்கள்.

பஞ்சாயத்துக் காட்சி எவ்வளவு பெரிய நகைச்சுவைக்கு இடம் தரக்கூடியது என்று பாருங்கள். கேட்கிறவர்களுக்கு அவள் பேய் என்று தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. செட்டி கதறுகிறான், யாரும் நம்பவில்லை. இன்றைய திரைக்கதையாசிரியர் கையில் கிடைத்தால் இருபது நிமிஷம் ஓட்டிவிடுவார். வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவியும் அந்த வாய்ப்பை விடுவதில்லை. ஊர்ப் பெரியவர்களின் மிடுக்கு, செட்டியின் உளறல் எல்லாவற்றையும் வசனத்தில் இழுத்து விளையாடலாம், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு ஏற்றிவிடலாம். ஆனால் நீலியின் நடை, இடுப்பில் கள்ளிக் குழந்தை, முறையிடும் குரல் இவற்றில் விளையாட்டு கிடையாது. அவள் கேட்பது ஒரு கொலைக்கான கணக்கு.

வில்லுப்பாட்டு பாடப்படும் கோயில் கொடைவிழாவின் அமைப்பே இதற்குக் காவல். முதல் நாள் குடியழைப்பு, பிறகு உச்சிக்கொடை, சாமக்கொடை. பனைவைரத்தில் செய்த, ஆளைவிட நீளமான வில்லின் நடுவே குடம். வீசுகோல், உடுக்கு, தாளம், கட்டை. பாட்டு மாலையில் தொடங்கும்போது குழந்தைகள் ஓடித்திரிவார்கள், அண்ணாவி ஊர்க்காரர்களைக் கேலி செய்வார், அரசியலும் சினிமாவும் பேச்சில் நுழையும். இரவு ஏறும்போது கதை கொலைக்கட்டத்தை நெருங்கும். உடுக்கின் வேகம் கூடும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும், பெண்கள் குலவையிடுவார்கள். அந்த நேரத்தில் எந்த அண்ணாவியும் பகடி பேசுவதில்லை. இம்மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், தெய்வப் பிறப்பைச் சொல்லும் கதைகளையும் கொலையுண்டவரின் கதைகளையும் பிரித்துக் காட்டி, கொடையின் உக்கிரமான மையம் இறப்புக் கதைகளைச் சுற்றியே அமைகிறது என்றார். அ.கா. பெருமாளின் நாட்டார் வழக்காற்று நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தெய்வங்களில் எத்தனை பேர் அநியாயமாகச் செத்தவர்கள் என்பது தெரியும். அவர்களில் ஒருத்தியான இசக்கியம்மனின் உருவத்தில் ஒரு கையில் குழந்தை இருக்கும், சில இடங்களில் காலடியில் ஓர் ஆள் கிடப்பான். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளைக் கும்பிட வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கும்பிடுகிறார்கள்.

வில்லைக் கோயிலிலிருந்து இறக்கி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரும் இந்த ஊர்க்காரர்தான். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தை அழைத்துவந்து காந்தி கதையை எழுதவைத்து வில்லில் பாடினார். சாமக்கொடையில் ரத்தப்பலி கேட்ட கருவி, சென்னை மேடையில் மின்விளக்கு வெளிச்சத்தில் சிரிப்பும் சீர்திருத்தமும் பேசியது. இதை வீழ்ச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் கலைவாணர் நீலியையோ இசக்கியையோ மேடையில் ஏற்றிக் கோமாளியாக்கவில்லை. வேறு கதையைப் பாடினார். இடம் மாறியபோது பொருளையும் மாற்றிக்கொண்டார். பேய்ப்படக்காரர்கள் செய்யாதது இதுதான்: அவர்களுக்குக் கொலையுண்டவளும் வேண்டும், கோமாளியும் வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக வேண்டும்.

தமிழ் சினிமாவில் பயமும் சிரிப்பும் கலந்த உச்சமான காட்சியில் பேயே கிடையாது. 1964-இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா விஸ்வநாதனாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்கிறார். கதவு திறக்கும் ஓசை, காலடிச் சத்தம், காற்று எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. சிரிப்பு நாகேஷிடமிருந்து வருவதாகத்தான் முதலில் தோன்றும். ஒரு முறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். துண்டைப் பற்றிக்கொண்டு, கண் விரிந்து, உடம்பு ஒடுங்கி, அந்த மனிதர் உண்மையாகவே பயப்படுகிறார். அவர் ஒரு கணம் நடித்துக்காட்டினால் காட்சி செத்துப்போகும். பயந்தவர் உண்மையாகப் பயந்தால்தான் சிரிப்பு வரும் என்ற பாடம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே படித்து முடித்தது.

இந்தப் பின்னணியில் முனி வரிசையைப் பார்க்கலாம். 2007-இல் வந்த ‘முனி’யில் லாரன்ஸின் கண்டுபிடிப்பு எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. கதாநாயகனே பயந்தாங்கொள்ளி. இருட்டினால் அம்மாவை விட்டு நகரமாட்டான். அதுவரை நகைச்சுவை நடிகருக்கு ஒதுக்கப்பட்டிருந்த பயத்தைக் கதாநாயகனுக்குக் கொடுத்தார். அந்தப் பயந்தாங்கொள்ளியின் உடம்புக்குள் ராஜ்கிரணின் ஆவி புகும்போது மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஏழை ஒருவன் நியாயம் கேட்க வருகிறான், அவனுக்கு ஓர் உடம்பு வேண்டும். கொடை பார்த்த எவருக்கும் இது தெரிந்த இலக்கணம். கோமரத்தாடியும் மற்ற நாட்களில் சாதாரண மனிதன்தான்.

2011-இல் வந்த ‘காஞ்சனா’ இந்த வரிசையின் சிறந்த படம், சிக்கலான படமும்கூட. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவாகச் சரத்குமார் நடித்தார். முன்னணிக் கதாநாயகர் ஒருவர் அந்த வேடத்தை ஏற்று, கேலியில்லாமல் நடித்தது அன்று பெரிய விஷயம். படத்தின் முதல் பாதியில் பேய் இருக்கிறதா என்று சோதிக்கக் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் உட்கார்ந்திருக்க, தேங்காய் தானாகச் சுற்றும் காட்சி உண்டு. இரண்டு பெண்களும் பாலையா பள்ளியில் படித்தவர்கள். பயத்தைக் குறைத்து நடிப்பதில்லை. அந்தக் காட்சிக்குத் தியேட்டரே பயந்துகொண்டு சிரித்தது.

ஆனால் அதே பாதியில் இன்னொரு சிரிப்பும் ஓடுகிறது. கதாநாயகன் ராகவாவின் உடம்பில் காஞ்சனா மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கும்போது, சேலையும் வளையலும் நளினமும் குடும்பத்தாரின் திகைப்பும் நகைச்சுவைக்கான பொருளாக வைக்கப்படுகின்றன. இடைவேளைக்குப் பிறகு முன்கதை வருகிறது: பெற்ற வீடு விரட்டிய ஒரு பெண், தன்னைப்போன்ற இன்னொரு பெண்ணை வளர்த்து மருத்துவம் படிக்கவைத்த கதை. இப்போது அதே நளினத்துக்காக நாம் அழவேண்டும். அரைமணி நேரம் முன்பு எதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களோ அதற்காகவே கண்ணைத் துடைக்கச் சொல்கிறார்கள். சிலர் இதைப் படத்தின் தந்திரம் என்பார்கள், பார்வையாளரைக் குற்றவாளியாக்கிப் பிறகு திருத்துகிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது திருத்துவதற்காக வைத்த சிரிப்பென்றால் அடுத்த பாகத்திலும் அதற்கடுத்த பாகத்திலும் அதே உடம்பு மாறும் வேடிக்கை, முன்கதையின் கனம் குறைந்து, வேடிக்கையாகவே தொடர்ந்திருக்காது. 2020-இல் லாரன்ஸே இதை அக்‌ஷய் குமாரை வைத்து இந்தியில் ‘லக்‌ஷ்மி’ ஆக்கியபோது சிரிப்பும் எடுபடவில்லை, அழுகையும் எடுபடவில்லை.

‘காஞ்சனா’வில் எனக்குப் பிடித்த பகுதி கடைசியில் வருவது. கொலைகாரன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறான். பேயால் உள்ளே வர முடியாது. வாசலில் நின்று சாமியிடம் வழக்காடி, நியாயம் கேட்டு, வழி பெற்று உள்ளே போகிறது. கதை முடிந்தபின் ராகவா அந்த ஆவியைத் துரத்துவதில்லை, தன்னோடு இருக்கவிடுகிறான். பேயைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறியும் வழக்கமான முடிவுக்கு இது நேரெதிர். கொலையுண்டவள் கணக்குத் தீர்த்துத் துணைத்தெய்வமாகிறாள். லாரன்ஸ் வில்லுப்பாட்டுப் படித்துவிட்டு இதை எழுதினாரா என்பது முக்கியமில்லை. தென்பாண்டிச் சீமையில் ஒரு கொடைக்கு இந்தக் கதையைப் பாடக் கொடுத்தால் அண்ணாவி பெரிதாக எதையும் மாற்றவேண்டியிராது.

‘காஞ்சனா 2’ 2015 ஏப்ரலில் வந்தது. ஒரு டிவி சேனல் டி.ஆர்.பி.-க்காகப் போலிப் பேய் நிகழ்ச்சி எடுக்கப்போய் உண்மைப் பேயிடம் மாட்டிக்கொள்கிறது. நல்ல கரு. நித்யா மேனன் நடித்த கங்காவின் முன்கதையும் தரமானது. ஆனால் ராகவாவின் உடம்புக்குள் ஒன்றுக்குப் பதில் பல ஆவிகள் மாறிமாறி வருகின்றன, லாரன்ஸ் வகைவகையாக நடித்துக் காட்டுகிறார். இங்கேதான் கோடு தாண்டப்பட்டது. பேய் வருவது பலகுரல் நிகழ்ச்சியாயிற்று. இன்னொரு பக்கம், பேயின் முக்கியமான தொழில் குடும்பத்தாரை அறைவது. கோவை சரளா அறை வாங்குவார், ஸ்ரீமன் அறை வாங்குவார், திரும்ப வரிசையாக எல்லோரும் வாங்குவார்கள். பேயறைந்த மாதிரி என்று காலகாலமாகச் சொல்லிவந்த நாட்டில் பேய் கடைசியில் அதை அப்படியே நிறைவேற்றிவிட்டது. 2019-இல் ‘காஞ்சனா 3’ வரும்போது அறையும் ஓட்டமும் கூச்சலும் மட்டும் மிச்சம்.

அரண்மனை வரிசைக்கு இவ்வளவு இடம் வேண்டாம். 2014-இல் தொடங்கி 2016, 2021, 2024 என்று நான்கு பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வீடு, விற்கவோ சீர்செய்யவோ வந்த குடும்பம், ஒரு நகைச்சுவைக் கூட்டம், அநியாயமாகச் செத்த ஒரு பெண், கூடவே சுந்தர்.சி. முதல் பாகத்தில் ஹன்சிகாவின் செல்வி கதைக்கு ஒரு வலி இருந்தது. பிற்பாகங்களில் முன்கதை, சாப்பாட்டுக்கு முன் கைகழுவுவதுபோலச் செய்துமுடிக்கவேண்டிய கடமையாயிற்று. நான்காம் பாகம் அசாமியப் பழங்கதையிலிருந்து பாக் என்ற ஒன்றைக் கடன்வாங்கியது. தமிழ்நாட்டில் இசக்கிகளுக்கும் மாடன்களுக்கும் பஞ்சம் வந்துவிட்டதோ என்று கேட்கத் தோன்றினாலும், படம் நன்றாகவே ஓடியது என்பதையும் சொல்லவேண்டும்.

ஏன் ஓடுகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. பயம் ஒரு தடவைச் சரக்கு. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் அந்தக் கதவு மறுபடி பயமுறுத்தாது. சிரிப்பு அப்படியில்லை, தெரிந்த நகைச்சுவைக்கு இன்னும் பலமாகச் சிரிக்கிறோம். இரண்டாம் பாகம் எடுப்பவர் கையில் மிஞ்சுவது எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அடுத்தது குழந்தைகள். ‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14, ‘காஞ்சனா 2’, ‘காஞ்சனா 3’ இரண்டும் ஏப்ரல் நடுவாரம். தேர்வு முடிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் வரவேண்டிய நாட்கள். 2011-க்குப் பிறகு கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் ஒரு நிபந்தனையாகவும் இருந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது. கோரத்தைக் கூட்டினால் யு போய்விடும். அப்படியும் இவ்வகைப் படங்களில் பலவற்றுக்கு யு/ஏதான் கிடைத்தது என்றாலும், இயக்குநரின் கை எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமில்லை.

இவற்றைவிட வலுவான காரணம் தொலைக்காட்சி. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் நாள் முழுக்கப் படங்களிலிருந்து துண்டெடுத்துப் போடுபவை. பிறகு கைபேசித் திரையில் இன்னும் சிறிய துண்டுகள். நகைச்சுவைக் காட்சி துண்டாகத் தாங்கும். பயம் தாங்காது, அதற்குத் தொண்ணூறு நிமிஷத் தயாரிப்பு வேண்டும். ஆக, ஒரு பேய்ப்படத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் வெளியே உலவுவது அதன் சிரிப்புப் பகுதி மட்டுமே. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். ஆனால் 2010-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முதலில் வடிவேலுவின் முருகேசனாகத்தான் அறிமுகம். ஜோதிகாவின் சந்திரமுகி பிற்பாடு வந்தாள். அடுத்த பாகத்தை எழுதுகிறவருக்கும் தன் ரசிகர்களின் ஞாபகத்தில் என்ன தங்கியிருக்கிறது என்பது தெரியும்.

இது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை. ஹாலிவுட்டின் யுனிவர்சல் கம்பெனி 1931-இல் ஃபிராங்கன்ஸ்டைனை எடுத்து உலகத்தை உலுக்கியது. 1948-இல் அதே பிராணி அபாட், காஸ்டெலோ என்ற இரண்டு கோமாளிகளோடு ஓடிப்பிடித்து விளையாடியது. சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட்’ 1981-இல் பயங்கரம், 1987-இல் பாதிக்குப் பாதி, மூன்றாம் பாகத்தில் முழு வேடிக்கை. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தாய்லாந்தில் இருக்கிறது. கணவன் போருக்குப் போயிருக்க, பிரசவத்தில் செத்துப்போன மே நாக் என்ற பெண், குழந்தையோடு அவனுக்காகக் காத்திருந்து, உயிரோடிருப்பவள்போலக் குடும்பம் நடத்திய கதை அங்கே கோயில் கட்டிக் கும்பிடப்படுவது. 1999-இல் ‘நாங் நாக்’ அதைத் துயரமாக எடுத்தது. 2013-இல் பஞ்சோங் பிசந்தானகுன் ‘பீ மாக்’ என்று அதையே நகைச்சுவையாக எடுத்து நாட்டின் வசூல் வரலாற்றைத் திருத்தினார். அவர் செய்த வேலையைக் கவனிக்கவேண்டும். கணவனின் நான்கு நண்பர்களைக் கோமாளிகளாக்கினார், கணவனையும் கொஞ்சம் அசடாக்கினார். மே நாக்கைத் தொடவில்லை. அவளுடைய காதல் கடைசிவரை காதலாகவே நிற்கிறது. கள்ளிக் குழந்தையோடு வந்த நீலிக்கும் அவளுக்கும் இருக்கும் ஒற்றுமையை நம்மூர் தயாரிப்பாளர் எவராவது கவனித்தால் நல்லது.

தமிழில் இதன் மறுகோடி சந்தானத்தின் வரிசை. 2016-இல் ‘தில்லுக்கு துட்டு’வை இயக்கிய ராம்பாலா, விஜய் டிவியில் படங்களைப் பகடி செய்த ‘லொள்ளு சபா’வின் இயக்குநர். ஆகவே இங்கே தொடக்கத்திலிருந்தே பாசாங்கு இல்லை. பேயைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை, பேய்தான் இந்தக் கும்பலிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறது. பிரேம் ஆனந்த் இயக்கிய ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ (2023) சூதாட்டமும் விதிகளுமாக நல்ல பொழுதுபோக்கு. 2025-இல் ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ வந்தபோது பேய் ஒரு சினிமா இயக்குநர், மாட்டுகிறவர் ஒரு விமரிசகர், எல்லோரும் ஒரு பேய்ப்படத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். பேய்ப்படம் தன்னைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசமுடியாத இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் இந்த வரிசையை நான் காஞ்சனா மூன்றைவிட நேர்மையானது என்பேன். இங்கே கொலையுண்டவளின் கண்ணீரை வைத்து யாரும் வியாபாரம் செய்யவில்லை.

2023 செப்டம்பரில் சந்திரமுகி, காஞ்சனா என்ற இரண்டு ஆறுகளும் சேர்ந்தன. பி. வாசுவின் ‘சந்திரமுகி 2’-இல் கதாநாயகன் ராகவா லாரன்ஸ். முதல் படத்தில் சந்திரமுகி என்பது கங்காவின் மனத்துக்குள் இருந்த ஒருத்தி. மனநல மருத்துவர் வந்து அதை அவிழ்த்தார். இரண்டாம் படத்தில் ஆவி நிஜமாகவே இருக்கிறது, புகுந்து ஆடுகிறது, வேட்டையனின் ஆவியும் உடனிருக்கிறது. இந்தியில் ‘பூல் புலையா 2’-உம் இதையேதான் செய்திருந்தது. விசித்திரம் என்னவென்றால், பேயே இல்லை என்று சொன்ன படம் நம்மைப் பயமுறுத்தியது, பேய் உண்டு என்று அடித்துச் சொல்லும் படங்களைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. மனத்துக்குள் இருப்பது எந்த வீட்டிலும் இருக்கலாம் என்ற சந்தேகம் பார்த்தவனோடு வீட்டுக்கு வந்தது. வேட்டையபுரம் அரண்மனையின் ஆவி அரண்மனையோடு நின்றுவிடுகிறது.

2025-இல் நீலி மறுபடி திரைக்கு வந்தாள், மலையாளத்தில். டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’வில் கல்யாணி பிரியதர்ஷன் கள்ளியங்காட்டு நீலி. இன்றைய பெங்களூரில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறாள். தாசியும் இல்லை, செட்டியும் இல்லை. காட்டு மக்களை அரசன் அழித்ததில் மிஞ்சிய சிறுமி என்று கதை மாற்றப்பட்டிருக்கிறது. பழைய மலையாளக் கதையில் அவளை அடக்கிய கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் இதில் அவளுக்குத் துணை. நாட்டார் கதையை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, எந்த இரண்டு வில்லுக்குழுவும் நீலியை ஒரேமாதிரி பாடியதில்லை என்பதே பதில். படத்தில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. அது முழுக்க எதிர்வீட்டு இளைஞர்கள் மேல் விழுகிறது. அவளைப் பார்த்து வியந்து, பின்தொடர்ந்து, உண்மை தெரிந்ததும் நடுங்கும் மூன்று பையன்கள். நஸ்லென் நடிக்கும் அந்தப் பையனின் பெயர் சன்னி. மணிச்சித்ரதாழில் மாடம்பள்ளிக்கு வந்த மருத்துவரின் பெயரும் அதுதான். தமிழ்ப் பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீலி நாகர்கோவில் எல்லைக்காரி. தமிழில் அவளை வைத்துப் படமெடுக்க முன்வருகிறவர், கள்ளிக் கொப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்தில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணுக்கு எதிரே கேமராவை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் போதும். பெரியவர்கள் பக்கம் சிரிக்க நிறைய இருக்கிறது.